‘எதுவரை’ என்ற பெட்டி

காலியிடம் உள்ள எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நிரப்பிக் கொண்டு வா என்பேன். அங்கே நிரப்ப ஒன்றும் இல்லை என்று சொன்னால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், மகன் படித்த பள்ளிக்கூடத்தில் என்று போன இடத்திலெல்லாம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவன் என்னை ஏமாற்ற நினைத்தால் காலியிடத்தில்தான் கை வைப்பான்.

பட்டதால்தான் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தபோது, ‘எப்போதிலிருந்து’ என்ற இடத்தை நிரப்பினேன். ‘எதுவரை’ என்ற இடத்தை விட்டுவிட்டேன். மூன்று நாள் என்று வாயால் சொல்லியாயிற்றே என்ற நினைப்பு. குமாஸ்தா அதில் மாசக் கடைசித் தேதியைப் போட்டுவிட்டான். திரும்பி வந்தால் என் இடத்தில் அவன் மைத்துனன் ஸ்பானரோடு நிற்கிறான். உனக்குத்தான் லீவு ஆச்சே, போய்ச் சந்தோஷமா இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் என் மனைவி குறுக்கே வந்துவிடுவாள்.

“அந்தக் குமாஸ்தா எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவர் புண்ணியத்துல ஒரு மாசம் புருஷனோட ஊர் சுத்துனேன். அதுக்கப்புறம் இந்த மனுஷன் என்னை எங்க கூட்டிட்டுப் போனார்னு கேளுங்க.”

நான் பேருந்து டிப்போவில் டயர் பிரிவில் இருக்கிறேன். ஓய்வு வயது தாண்டிவிட்டது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்று வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் தகரக் கொட்டகை, உள்ளே ஆள் உயரத்துக்கு டயர் அடுக்கு, காற்று அடிக்கும் மெஷின், ஒரு ஸ்டூல். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சூடு வைத்து ஒரு எண் போட்டிருப்போம். புது டயர் முன் சக்கரத்துக்குப் போகும். கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் போகும். அப்புறம் மேல் ரப்பர் புதிதாக ஒட்டி மறுபடி பின்னால். கடைசியில் பழைய டயர் வாங்குகிறவன் வண்டியில். எந்த டயர் எந்த வண்டியில் இருக்கிறது என்பதைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்போம். மழை அடித்தால் பாதி அழிந்துவிடும். அழிந்ததை எங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்வோம். பல வருஷம் இப்படித்தான் ஓடியது.

அந்தச் சுவருக்கு முடிவு கட்ட வந்தவள் என் மருமகள்.

அவள் அதே டிப்போவில் கம்ப்யூட்டர் பிரிவு. தற்காலிக வேலை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, டிப்போ மொத்தத்தையும் புது டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சியும் நீயே கொடுக்க வேண்டும், ஓடினால் உன் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் இந்த மாசத்தோடு சரி என்று சொல்லியிருந்தார். இங்கே இல்லையென்றால் அவளுக்கு வேறு இடம் தயாராக இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர்.

“அவ போனா உங்க பிள்ளையும் பின்னாலயே போவான்,” என்றாள் மனைவி. “அப்புறம் நீங்களும் நானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கலாம்.”

“சுவர் நல்லாத்தானே இருக்கு,” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. அந்த வீட்டில் என் சந்தேகங்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான். மற்ற இருவரும் எழுந்து போய்விடுவார்கள். தினமும் காலையில் அவளும் நானும் ஒரே பேருந்தில்தான் டிப்போவுக்குப் போவோம். ஏறுவதற்கு முன் நான் முன் டயரைக் குனிந்து பார்ப்பேன். டிரைவர் ஹாரன் அடிப்பான். ஜன்னல் வழியே தலையை நீட்டி அவள் சொல்வாள்: “ஏறுங்க மாமா. டயர் எங்கயும் ஓடிப் போயிடாது.”

பயிற்சி நடந்தது கேன்டீனுக்கு மேலே உள்ள அறையில். டீ வாசனை படிக்கட்டு வழியாக மேலே வரும். சுவரில் ஒரு வெள்ளைத் திரை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நான், ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அக்கா, இரண்டு மெக்கானிக்குகள், வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்புகிற டைம் கீப்பர். டைம் கீப்பருக்குக் கடிகாரம் என்று பேர் வைத்திருக்கிறோம். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மணிக்கட்டைப் பார்ப்பான். அதில் கடிகாரம் இருக்காது.

முதல் நாளே நான் ஆரம்பித்துவிட்டேன். “ஏம்மா, இது...”

“இங்க நான் டீச்சர்,” என்றாள் மருமகள். “சந்தேகம்னா கையைத் தூக்கணும் ஐயா.”

“டீச்சர், அவர்கிட்ட அப்படிச் சொல்லாதீங்க,” என்றான் கடிகாரம். “சாயங்காலம் வரைக்கும் கையை இறக்க மாட்டார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மெஷினுக்குள் நிறைய அட்டவணைகள் இருக்கின்றன. வண்டிக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. டயர் எண்ணைத் தொட்டால் வண்டி தெரியும், வண்டியைத் தொட்டால் டிரைவர் தெரியும். நம்ம குடும்பத்தில் ஒருத்தரைக் கேட்டால் மற்றவர் ஜாதகம் வெளியே வருகிற மாதிரி. இதுவரைக்கும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெட்டி இருந்தது. இந்த டயர் இந்த வண்டியில் எப்போதிலிருந்து, எதுவரை. அது போதாதென்று மெஷின் தானாகவே இன்னொன்றும் குறித்துக்கொள்ளுமாம்: இந்த வரியை யார் எழுதினார், எப்போது எழுதினார்.

“நடந்தது ஒரு நாள், நீங்க எழுதுறது இன்னொரு நாள். ரெண்டும் மெஷினுக்கு வேணும்,” என்றாள். “செவ்வாய்க்கிழமை மாத்தின டயரை சனிக்கிழமை எழுதுவீங்க. சுவத்துல சனிக்கிழமைன்னுதான் இருக்கும். நடுவுல அந்த டயர் எங்க இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை?”

நான் கையை இறக்கினேன். ஸ்டோர் அக்கா கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“தப்பா எழுதிட்டா அழிச்சிடலாமா?” என்று கேட்டேன்.

“திருத்தலாம். அழிக்க முடியாது. பழைய வரி அப்படியே உள்ள இருக்கும். போன வாரம் இந்த மெஷின் என்ன நினைச்சுட்டு இருந்துச்சுன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லும்.”

“என் பொண்டாட்டி மாதிரி,” என்றான் ஒரு மெக்கானிக்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் என்றால் தப்பு செய்வான், அது மழையோடு போய்விடும். எங்கள் சுவர் அப்படித்தான் நடந்துகொண்டது. இது என்ன, செய்த தப்பை ஊறுகாய் போட்டு வைக்கிற மெஷின்.

அவள் அன்றைக்கு முக்கியமாக இன்னொன்றும் சொன்னாள். டயர் இன்னும் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் ‘எதுவரை’ பெட்டியைக் காலியாக விட வேண்டும். காலி என்றால், இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கழற்றுகிற அன்றைக்குத்தான் அதில் தேதி வரும். இதைத் திரையில் காட்டினாள், எங்களைத் தனித்தனியாகச் செய்யவும் வைத்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது நானும் காலியாகத்தான் விட்டேன்.

பாவனைக்குச் செய்து பார்த்த நாட்கள் முடிந்து, நிஜமாகவே ஏற்ற வேண்டிய நாள் வந்தது. மேனேஜர் படியேறி வந்தார். மெதுவாகப் பேசுகிற ஆள். இதற்கு முன் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர். அது இன்னும் அவர் அறை மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது.

“இனிமே டயர் இல்லாத வண்டியை மெஷின் வெளிய விடாது,” என்றார். “டயர் எண் இருந்தாத்தான் வண்டியை எடுக்கறதுக்கு டிரிப் ஷீட் வரும். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். சரியா ஓடுச்சுன்னா நல்லது. இல்லைன்னா என் ரூம்ல இன்னொரு மூலை காலியா இருக்கு.”

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கொட்டகையில் எனக்கென்று வைத்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு நாள் டயர் விவரம் ஏற்றினேன். குனிந்து எண்ணைப் பார்ப்பது, திரும்பி வந்து ஒற்றை விரலால் தட்டுவது, மறுபடி போய் நான் சரியாகத்தான் பார்த்தேனா என்று பார்ப்பது. ஓடுகிற வண்டி திரும்பி வரும்வரை காத்திருந்து அதன் எண்ணையும் எடுத்தேன். முதல் வண்டிக்கு மருமகள் பக்கத்தில் நின்றாள். சரியா இருக்கு மாமா என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனாள்.

அவள் தலை மறைந்தது. திரையில் அந்தப் பெட்டி வெள்ளையாக வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. என் பேரில் ஏறுகிற வரி. அதில் ஒரு காலியிடம். நாளைக்கு எவனாவது அதில் ஒரு தேதியைப் போட்டு, டயரைக் கிழவன் எப்போதோ கழற்றிவிட்டான், எங்கே விற்றான் என்று கேட்டால்? நான் நிரப்பினேன். நிரப்புவதற்கு என்ன தேதி என்று யோசித்து, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த தேதியைப் போட்டேன். அதாவது, இன்றைக்கு வரைக்கும் இந்த டயர் இந்த வண்டியில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாளைக் கதை எனக்குத் தெரியாது. இதில் பொய் ஒன்றும் இல்லையே.

முதல் நாள் ஏற்றியதற்கும் இரண்டாம் நாள் மாலை அதே தேதியைப் போட்டு ஒழுங்கு செய்தேன். எல்லா டயரும் எல்லா வண்டியும் முடிந்தது. மெஷின் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்து, “எல்லாம் ஏத்தியாச்சா?” என்று கேட்டாள்.

“ஒரு பெட்டி பாக்கி இல்லை,” என்றேன்.

மறுநாள் காலையில் எங்கள் நிறுத்தத்துக்குப் பேருந்து வரவில்லை.

கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. சாப்பாட்டுப் பையோடு ஒரு அம்மாள், “டிப்போக்காரனுங்க தூங்கிட்டானுங்க போல,” என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. “வேலைன்னு வந்துட்டா பொறுப்பு வேணும்மா. இந்தக் காலத்துல எவனுக்கு இருக்கு,” என்றேன். அந்த அம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்போது மருமகளின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“கடிகாரம் அண்ணன் பேசறார் மாமா. டிப்போல ஒரு வண்டிக்குக்கூட டயர் இல்லையாம்.”

“திருடிட்டானுங்களா?”

“டயர் வண்டியிலதான் இருக்கு. மெஷின் இல்லைங்குதாம்.”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றேன். “அந்த மெஷினை நம்பாதேன்னு.”

அவள் என் மகனைப் போனில் கூப்பிட்டாள். அவன் தச்சன். வேலைக்குப் போகிற வேனில் எங்களை ஏற்றிக்கொண்டான். முன்னால் அவள். பின்னால் பலகைகளுக்கும் ஒரு கதவுச் சட்டத்துக்கும் நடுவில் நான்.

“என்னப்பா, என் பொண்டாட்டி வேலைக்கு ஆப்பு வச்சுட்டீங்களா?” என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டான்.

“மெஷினைக் கேளு,” என்றேன். கதவுச் சட்டம் வளைவில் சாய்ந்து என் முழங்காலில் இடித்தது.

டிப்போவுக்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்ததும் சக்கரத்தைத் தடவிக் கொடுத்தான்.

“பெரியவரே, இது என்ன?”

“டயர்.”

“அப்போ எனக்கு மட்டும்தான் தெரியுதோன்னு பயந்துட்டேன்.”

மேனேஜர் டைம் கீப்பர் அறையில் நின்றுகொண்டிருந்தார். முதல் நடைக்குப் பாதி வண்டிகளைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். அடுத்தது பள்ளிக்கூட நேரத்து வண்டிகள்.

“அதுக்குள்ள இது டிரிப் ஷீட் குடுக்கணும்,” என்றார் மருமகளிடம். குரல் உயரவில்லை. “இல்லைன்னா மறுபடி நானே கையெழுத்துப் போடறேன். ஆனா அப்படிப் போட்டா மேல இருக்கிற ரூமைப் பூட்டிடுவேன். சனிக்கிழமையோட உன் தேதி முடியுது. அதை நீட்ட மாட்டேன். புரியுதாம்மா?”

“புரியுது சார்.” அவள் முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தட்டினாள். கடிகாரம் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“எல்லா டயரும் நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு இருக்கே டீச்சர். யாரு முடிச்சது?”

“கேக்கறேன் இருங்க.”

கேட்டாள். திரை நிறைய வரிகள் விழுந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே பேர். என் பேர். மேலிருந்து கீழ்வரை என் பேர். அடுத்த பக்கம் தள்ளினாள், அங்கேயும் என் பேர். என் கல்யாணப் பத்திரிகையில்கூட அத்தனை தடவை அச்சடித்ததில்லை.

கடிகாரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.

“நான்தான்,” என்றேன். திரையே சொன்னபிறகு நான் சொல்வதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை.

“ஏன் மாமா?” டீச்சர், ஐயா எல்லாம் போய்விட்டது. “எத்தனை தடவை காட்டினேன். ஏன் நிரப்பினீங்க?”

“காலியா இருந்துச்சும்மா.”

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பிறகு உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“அந்தக் குமாஸ்தா இன்னும் ரிட்டயர் ஆகலை மாமா,” என்றாள்.

“சரி, திருத்த முடியுமா முடியாதா?” என்றார் மேனேஜர்.

“முடியும் சார். மொத்தமா ஒரே நேரத்துல திருத்தறதுக்கு வழி வச்சிருக்கேன். இதோ...”

“நீ இல்லை.” அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். “நீ திருத்தினா அது உன் கெட்டிக்காரத்தனம். நீ இல்லாத அன்னைக்கு நான் எங்க போறது? ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்னு சொன்னியே. இவர் திருத்தட்டும். பார்க்கறேன்.”

அவளுடைய வேலை என் ஒற்றை விரலில் வந்து நின்றது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருமகள் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு டிரைவர் சும்மா ஹாரன் அடித்தான். ஸ்டோர் அக்கா வெளியே போய் அவனைத் திட்டிவிட்டு வந்தாள்.

“எதைத் திருத்தணும், யார் எழுதினதுன்னு கேக்குது,” என்றாள் மருமகள்.

என் பேரைத் தேடித் தட்டினேன்.

“எப்போ எழுதினது?”

நேற்றைய தேதி, முந்தின நாள் தேதி. இரண்டையும் போட்டேன்.

“எந்தப் பெட்டி?”

‘எதுவரை’ என்பதைத் தொட்டேன்.

“இனிமே அதுல என்ன இருக்கணும்?”

அங்கே என் விரல் நின்றுவிட்டது. நேற்றைய தேதி அதில் இருந்தது. அதை அழித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். நாற்பது வருஷமாக நான் செய்யாத காரியம்.

“காலியா விட்டா அப்புறம் எவன் வேணாலும் வந்து நிரப்பலாமில்ல?” என்றேன்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். மருமகள் குனிந்தாள். அறைக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருந்தது.

“நிரப்பலாம் மாமா. ஆனா இப்போ உங்க பேர் எப்படி நிக்குதோ அப்படி அவங்க பேரும் நிக்கும். எந்த நாள், எந்த நிமிஷம் நிரப்பினாங்கன்னு நிக்கும். அவங்களால அதை அழிக்க முடியாது. மேனேஜர் சாராலயும் முடியாது, என்னாலயும் முடியாது.”

“எவனாலயும்?”

“யாராலயும்.”

நான் திரையைப் பார்த்தேன். இத்தனை நாளாக இது என் தப்பை ஊறுகாய் போடத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குமாஸ்தாவின் தப்பையும் சேர்த்துத்தான் போடும் என்று தோன்றவே இல்லை. இது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் அவன் பேர், அவன் மைத்துனன் பேர் எல்லாம் திரையில் வந்து நின்றிருக்கும். எவனையும் நம்பாத ஒரு மெஷின். என்னைவிட மோசமான சந்தேகப் பிராணி. இதை ஏன் இவள் முதல் நாளே இப்படிச் சொல்லவில்லை?

தேதியை அழித்தேன். பெட்டி வெள்ளையானது. கையை எடுத்தேன்.

“காரணம் எழுதணும்,” என்றாள். “காரணம் எழுதாம விடாது.”

எழுதினேன். என் எழுத்துக்கூட்டலோடு, ஒவ்வொரு எழுத்தாக. ‘காலியாக விட பயந்து நிரப்பி விட்டேன். டயர் எல்லாம் வண்டியில் தான் இருக்கு.’ நான் தேடித் தேடித் தட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கடிகாரம் இரண்டு தடவை எழுத்தைக் கைகாட்டினான். மருமகள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடிகாரத்தின் திரையில் வண்டி எண்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. மூலையில் இருந்த பிரின்டர் கனைத்துக்கொண்டு முதல் டிரிப் ஷீட்டைத் துப்பியது. கடிகாரம் அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

“டயர் வந்துருச்சுப்பா, ஏறுங்க,” என்று அவன் கத்துவதும் டிரைவர்கள் கைதட்டுவதும் கேட்டது.

மேனேஜர் நகரவில்லை. “இன்னைக்குக் காலைல இது என்ன சொல்லிட்டு இருந்துச்சுன்னு காட்டு.”

மருமகள் என்னைப் பார்த்தாள். பயிற்சியில் கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டுக் கற்ற பாடம்தான் அது. காலை நேரத்தைப் போட்டுக் கேட்டேன். எல்லா வண்டியும் டயர் இல்லாமல் நின்றது, ஓரத்தில் என் பேரோடு. இப்போதைய நேரத்தைப் போட்டேன். எல்லாம் டயரோடு நின்றது, அதிலும் என் பேர், கூடவே நான் எழுதிய காரணம். அவர் அதைக் கிட்டப் போய் வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

“போன தடவை வாங்கினோமே,” என்றார், “அதுல ஒருநாள் இதே மாதிரி ஆச்சு. யார் பண்ணாங்கன்னு ஒரு வாரம் கேட்டேன். டிப்போ மொத்தமும் நான் இல்லை நான் இல்லைன்னுச்சு. அன்னைக்குத்தான் துணியைப் போட்டு மூடினேன்.” என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “உங்களால எனக்கு ஒரு பரீட்சை மிச்சம் பெரியவரே. இப்படி ஒரு குழப்பத்தை நானா யோசிச்சாலும் பண்ணியிருக்க முடியாது.”

அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை மாலை மருமகள் கொட்டகைக்கு வந்தாள். சுவரில் மிச்சமிருந்த சாக்பீஸ் எழுத்தை நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கம்ப்யூட்டரில் ஆட்கள் அட்டவணையைத் திறந்து தன் வரியைக் காட்டினாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். பழைய வரியில் ‘எதுவரை’ என்ற இடத்தில் அன்றைய தேதி. அதற்கு மேலே புது வரி. ‘எப்போதிலிருந்து’ என்பதில் நாளைய தேதி. ‘எதுவரை’ என்பதில் ஒன்றுமில்லை. வெள்ளை. ஓரத்தில் மேனேஜர் பேர்.

நான் அந்த வெள்ளையை ரொம்ப நேரம் பார்த்தேன்.

“இதை யாராவது நிரப்பினா எனக்குச் சொல்லு,” என்றேன்.

“சொல்றேன் மாமா.”

வீட்டுக்குப் போகும்போதுதான் மெல்ல இன்னொன்றைச் சொன்னாள். மற்ற டிப்போக்களுக்கும் அவள்தான் இனி பயிற்சி கொடுக்கப் போகிறாளாம். முதல் பாடமாக என் வரிகளைத்தான் காட்டப் போகிறாளாம். காலையில் எப்படி இருந்தது, திருத்தியபின் எப்படி ஆனது, என்ன காரணம். என் எழுத்துக்கூட்டலோடு.

“பேரை மட்டும் எடுத்துடும்மா.”

“முடியாதே மாமா.”

இப்போது எனக்கு முன்பின் தெரியாத டிரைவர்கள்கூட வழியில் நிறுத்தி, டயர் எல்லாம் வண்டியில்தான் இருக்கா என்று கேட்கிறார்கள். ஊர் எல்லையில் இருக்கிற டிப்போவின் டயர்காரன் ஒருவன் போன் செய்து, நானும் அப்படித்தான் நிரப்ப இருந்தேன், நல்லவேளை என்றான். அவனோடு பேச நன்றாகத்தான் இருந்தது. அவனும் யாரையும் நம்புவதில்லை.

இதற்கெல்லாம் சந்தோஷமாகி என் மனைவி ஒரு நாள் ஆரம்பித்தாள். கல்யாணமான அந்த மாசத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட வெளியூர் கூட்டிப் போகவில்லை, இப்போதாவது லீவு போடுங்கள் என்று. லீவும் இப்போது மெஷினில்தான். ‘எப்போதிலிருந்து’ என்பதில் திங்கட்கிழமை போட்டேன். ‘எதுவரை’ என்பதைக் காலியாக விடவில்லை. மெஷின் மாறினாலும் லீவு லீவுதான். மூன்று நாள் கணக்குப் பண்ணி புதன்கிழமை என்று நிரப்பி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் அழுத்தினேன்.

மறுநாள் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் மாசக் கடைசித் தேதி நிற்கிறது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யார் நிரப்பியது என்று கேட்டேன். மெஷின் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னது. ஓரத்தில் மருமகள் பேர். கீழே காரணம்:

‘அத்தை கேட்டாங்க. மேனேஜர் சரின்னுட்டார்.’